60 வருஷம் கண்ணைத் தடவிய சீனா! கண்ணாடி கழன்றதா?

பள்ளிக்கூடத்தில் தினமும் பத்து நிமிஷம் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், பிள்ளைகளின் பார்வை கெடாது, போட்ட கண்ணாடியையும் கழற்றி விடலாம் என்று ஒரு பேச்சு சென்னையில் அடிக்கடி அடிபடுகிறது.

வாட்ஸ்அப்பில் வருகிறது. பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் வருகிறது. யோகா மாஸ்டர் சொல்கிறார். பக்கத்து வீட்டு மாமியும் சொல்கிறார்.

"காசா, பணமா? செஞ்சாத்தான் என்ன?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தேடி இங்கே யாரும் மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டியது இல்லை. ஒரு தேசமே 60 வருஷமாக இதைச் செய்து பார்த்து விட்டது. சின்ன தேசமும் அல்ல. சீனா!

பாட்டுப் போட்டுப் பயிற்சி

மாவோ ஆட்சியில் இருந்த காலம். 1963-ம் ஆண்டு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பார்வை மங்குகிறதே என்ற கவலையில் பீஜிங் நகரப் பள்ளிகளில் கண் பயிற்சியை ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் நாடு முழுவதும் பரவியது. பட்டணத்துப் பள்ளிக்கூடம், பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடம் என்ற வித்தியாசமே இல்லை.

காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிஷம்.

ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பும். "ஒன்று, இரண்டு, மூன்று..." என்று எட்டு வரை எண்ணும் குரல் கேட்கும். பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக் கொள்ள வேண்டும். கட்டை விரலால் புருவத்தின் உள்முனையை அமுக்க வேண்டும். மூக்குத் தண்டின் மேல்பக்கத்தைப் பிடித்து விட வேண்டும். பிறகு கன்னத்து எலும்பு. பிறகு நெற்றிப் பொட்டு. சீன வைத்தியர்கள் ஊசி குத்துவதற்குத் தேர்ந்தெடுக்கும் அதே இடங்கள்தான்.

கண்ணைத் திறந்து பார்த்தால் தொலைந்தது! பல பள்ளிக்கூடங்களில் மாணவர்களிலேயே சிலரைக் கண்காணிப்பாளர்களாகப் போட்டு இருந்தார்கள். அவர்கள் கையில் நோட்டுடன் சுற்றி வருவார்கள். ஏமாற்றுகிறவன் பெயர் நோட்டில் ஏறும். வகுப்புக்கு மார்க் குறையும்.

2008-ல் புதிய முறையும் கொண்டு வந்தார்கள். தலையை விரலால் கோதுவது, காது மடலைப் பிசைவது, அதோடு கால் விரலால் தரையைப் பிறாண்டுவதும் சேர்ந்து கொண்டது. காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் வைத்திய சாஸ்திரத்தில் பதில் இருக்கிறதாம்.

இவ்வளவு கட்டுப்பாட்டுடன், இவ்வளவு பிள்ளைகள், இவ்வளவு காலம் செய்த கண் பயிற்சி உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

பலன் என்ன? 2018-ல் சீன அரசாங்கமே நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. பள்ளிப் பிள்ளைகளில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை! அதாவது பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கல்.

வகுப்பு ஏற ஏற கதை இன்னும் மோசம். ஆறு வயதுக் குழந்தைகளில் 14.5 சதவீதம். ஆரம்பப் பள்ளியில் 36 சதவீதம். நடுநிலையில் 71.6 சதவீதம். மேல்நிலைக்குப் போனால் 81 சதவீதம். பத்துப் பேர் உட்கார்ந்து இருந்தால் அதில் எட்டுப் பேருக்குக் கண்ணாடி!

அதே 2018-ல் நாட்டின் தலைவர் ஜி ஜின்பிங் நேரடியாகத் தலையிட்டு, பிள்ளைகளின் கண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றி விட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க. பயிற்சி மட்டும் இல்லாட்டி இன்னும் கெட்டிருக்கும்!" என்று ஒரு கட்சி உண்டு. இதையும் ஒதுக்கித் தள்ள முடியாது. மழை பெய்கிறபோது குடை பிடித்தவனும் கொஞ்சம் நனையத்தான் செய்கிறான். அதனால் குடையே உதவாது என்று சொல்லி விட முடியுமா?

அதற்காகத்தான் சீன டாக்டர்களே ஒழுங்காகச் செய்கிற பிள்ளைகளையும் ஒப்புக்குச் செய்கிற பிள்ளைகளையும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள்.

பீஜிங்கில் நடந்த ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. 6 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள். கவனமாகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கண் வலி, களைப்பு, எழுத்து மங்குவது போன்ற தொந்தரவுகள் சற்றுக் குறைவு. ஆனால் கிட்டப்பார்வை? குறிப்பிடும்படி ஒரு பலனும் இல்லை.

ஆன்யாங் என்ற ஊரில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி 2016-ல் வந்தது. சுத்தமாகச் செய்த பிள்ளைகளுக்கு ஒரு சிறு வித்தியாசம் தெரிந்தது. எவ்வளவு? கண்ணாடிக் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய படியான கால் பவரைக்கூட எட்டவில்லை.

சினிமாக் கொட்டகைக் கணக்கு

ஏன் இப்படி? இதைப் புரிந்து கொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டாம். சினிமாக் கொட்டகை தெரிந்தால் போதும்.

மெஷினில் இருந்து வரும் ஒளி திரையில் சரியாக விழுந்தால் படம் பளிச்சென்று தெரியும். யாரோ ஒருவர் திரையை நாலு அடி பின்னால் தள்ளி வைத்து விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். படம் திரைக்கு முன்பே கூடி விடும். திரையில் விழுவது மங்கல்.

கிட்டப்பார்வையும் இதேதான். பெரியவர்களின் கண் உருண்டை முன்னால் இருந்து பின்னால் வரை ஏறத்தாழ 24 மில்லி மீட்டர் நீளம். சில பிள்ளைகளுக்கு இது அளவுக்கு மேல் வளர்ந்து விடுகிறது. பின்னால் இருக்கும் விழித்திரை தள்ளிப் போகிறது. ஒரே ஒரு மில்லி மீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் வரை கண்ணாடி வேண்டி வரும்.

கண்ணை மேலும் கீழும் உருட்டுவது வெளியே இருக்கும் ஆறு தசைகளின் வேலை. அது இயங்கினால் கண் திரும்பும். உருண்டையின் நீளம் குறையாது. புருவத்தை அமுக்கினாலும் குறையாது. தள்ளிப் போன திரையை அப்படியே விட்டு விட்டு, மெஷின் ஆபரேட்டருக்குத் தோளைப் பிடித்து விட்டால் படம் தெளியுமா?

அவருக்குச் சுகமாக இருக்கும். அவ்வளவுதான்!

இந்த நம்பிக்கை சீனாவில் மட்டும் முளைத்தது அல்ல. அமெரிக்காவில் பேட்ஸ் என்ற கண் டாக்டர் இருந்தார். கண்ணாடி இல்லாமலே பார்வையைச் சரி செய்யலாம் என்று 1920-ல் தன் கைக்காசைப் போட்டுப் புத்தகம் வெளியிட்டார். உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவது, உடம்பை ஆட்டிக் கொண்டே பார்ப்பது என்று பல வித்தைகள். சூரியனைப் பார்க்கச் சொல்லும் யோசனையும் அதில் உண்டு. இதை மட்டும் யாரும் தப்பித் தவறியும் செய்து விடக் கூடாது. விழித்திரை பொசுங்கினால் பொசுங்கியதுதான்.

பேட்ஸ் வழி நம் பக்கத்துக்கும் வந்தது. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கண்பார்வைப் பள்ளி இந்த முறையில்தான் பயிற்சி சொல்லிக் கொடுத்தது. சென்னையில் இருந்து பஸ் ஏறிப் போய்ச் சில நாள் தங்கிப் பயிற்சி எடுத்து வந்தவர்கள் பல பேர். "கண்ணு லேசா இருக்கு" என்பார்கள். பொய் அல்ல. ஓய்வு கிடைத்தால் எந்த உறுப்பும் லேசாகத்தான் இருக்கும். ஆனால் சுவரில் உள்ள அட்டையின் கடைசி வரி தெரிகிறதா என்பது தனிக் கேள்வி.

எல்லாக் கண் பயிற்சியும் வீண் என்று சொல்லி விடவும் முடியாது. சில பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணும் ஒன்றாகக் குவியாது. புத்தகத்தை எடுத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். இதற்கு முறையான பயிற்சி நல்ல பலன் தருகிறது என்று அமெரிக்காவில் 2008-ல் முடிந்த பெரிய சோதனையில் தெரிந்தது. ஆனால் அது கண் பரிசோதனை நிபுணர் பக்கத்தில் இருந்து, ஒரு பிள்ளைக்கு என்ன குறை என்று பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை. மைக்கில் பாட்டுப் போட்டு நாற்பது பேருக்கு மொத்தமாகக் கொடுப்பது அல்ல.

வெயில்தான் வைத்தியம்

சரி, கிட்டப்பார்வையை எதுதான் தடுக்கும்?

இதற்கும் சீனாவில் இருந்தே பதில் வந்தது. குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பள்ளிகளை எடுத்தார்கள். ஆறு பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே இருக்கும் வகுப்பு. மற்ற ஆறு பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று வருஷம் கழித்துக் கண்ணைச் சோதித்தார்கள்.

வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம்தான். நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகள் தப்பித்தார்கள்! மருந்து இல்லை, மாத்திரை இல்லை. 2015-ல் வெளிவந்த கணக்கு இது.

இதைவிட ஆச்சரியம் சிட்னி-சிங்கப்பூர் கதை. 2008-ல் வந்த ஆராய்ச்சி. இரண்டு ஊரிலும் சீன வம்சாவளிக் குழந்தைகள், ஆறு-ஏழு வயது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் மூன்று சதவீதம்! ஒரே இனம். பெற்றோர்களில் கண்ணாடி போட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிட்னி பிள்ளைகள் புத்தகம் படிக்காமல் இருந்து விட்டார்களா? அதுவும் இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்றுதான். சிட்னி பிள்ளை வாரத்துக்கு 14 மணி நேரம் வெளியே இருந்தது. சிங்கப்பூர் பிள்ளை மூன்று மணி நேரம்.

தைவான் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. 2010-ல் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று பள்ளிகளில் இயக்கம் ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஏறிக் கொண்டே இருந்த பார்வைக் கோளாறு, ஆரம்பப் பள்ளிகளில் சரிபாதியைத் தொட்ட பிறகு திரும்பி இறங்கத் தொடங்கியது. 2015-ல் 46 சதவீதத்துக்கு வந்தது.

காரணம் என்ன? வெளிச்சம்! நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. அது கண் உருண்டை அளவுக்கு மேல் நீளாமல் பிடித்து நிறுத்துகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வகுப்பறையில் ட்யூப் லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில் பல ஆயிரம். உச்சி வெயிலில் லட்சத்தைத் தொடும்.

மர நிழல் போதும் என்பதைச் சென்னைவாசிகள் குறித்துக் கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் பிள்ளையை நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தைவானில் செய்த சோதனையிலேயே தாழ்வாரத்து வெளிச்சமும் மர நிழலும்கூடப் பலன் தந்தன. வேப்ப மரத்தடி போதும்!

ஒன்று மட்டும் உண்மை. கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் வெயிலுக்குப் பலம் அதிகம். வந்த பிறகு ஓடுகிற பவரை நிறுத்த, டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் விசேஷ லென்சும் இருக்கின்றன. அது ஆஸ்பத்திரி விவகாரம்.

இங்கே வெயிலுக்குப் பஞ்சமா?

சென்னையில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும். வெயிலுக்கு எந்த வருஷமும் பஞ்சம் வந்தது இல்லை. ஆனால் அந்த வெயில் பிள்ளைகள் மேல் படுகிறதா?

காலையில் வேன். வகுப்பறை. சாயங்காலம் வேன். டியூஷன். வீட்டுக்கு வந்தால் செல்போன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். மைதானமே இல்லாமல் மாடி மேல் மாடி கட்டி நடக்கும் பள்ளிக்கூடங்கள் எத்தனை! இருக்கிற மைதானத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன.

டைம் டேபிளில் பி.டி. பீரியட் என்று எழுதி இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து அதை வாங்கிக் கொண்டு போய் விடுவார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பி.டி. மாஸ்டர் கையில் விசில் மட்டும்தான் மிச்சம்.

வீட்டில் வேறு தடை. "வெயில்ல அலையாதடி, கறுத்துப் போயிடுவே!" பெண் குழந்தைகளுக்கு இந்தப் பாட்டு காலையும் மாலையும் உண்டு. தோலின் நிறத்தைக் காப்பாற்றப் போய்க் கண்ணை விடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சங்கர நேத்ராலயா டாக்டர்கள் நடத்திய பெரிய ஆய்வில் நூற்றுக்கு 17 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தெரிந்தது. சீனாவின் கணக்கோடு பார்த்தால் குறைவுதான். சீனாவிலும் ஒரு காலத்தில் குறைவாகத்தான் இருந்தது.

கண் பயிற்சியால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். பயிற்சியால் கண் கெடாது. அதை நம்பிச் சும்மா இருப்பதால்தான் கெடும். "ஆறு மாசம் பயிற்சி செஞ்சு பார்ப்போம், அப்புறம் கண்ணாடி போடலாம்" என்று தள்ளிப் போடும் வீடுகள் ஏராளம். அந்த ஆறு மாதமும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. முன் பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்து எழுதும். வாத்தியார் "மக்கு" என்று பெயர் வைப்பார்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக் கொண்டே போகும் என்ற பயமும் ஊரில் பரவிக் கிடக்கிறது. நேர்மாறு! மலேசியாவில் 2002-ல் சோதித்தார்கள். வேண்டும் என்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. சரியான பவர் போட்டவர்களுக்கு மெதுவாக ஏறியது.

சீனாவின் கிராமப்புறப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 252 பள்ளிகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்த வருஷமே கணக்குப் பாடத்தில் மார்க் கூடியது. 2014-ல் வந்த முடிவு. 50 வருஷம் தடவியதால் கிடைக்காதது, ஒரு ஜோடிக் கண்ணாடியில் கிடைத்தது!

ஆனால் இங்கே கண்ணாடி என்றாலே அழுகை. "பொண்ணு கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டிப்பா?" என்று பாட்டி ஆரம்பித்து விடுகிறார். வகுப்பில் "சோடாபுட்டி" என்று கேலி. பிள்ளை கண்ணாடியைப் பைக்குள் போட்டுக் கொண்டு போய், பைக்குள்ளேயே கொண்டு வந்து விடுகிறது. 2009-ல் தமிழக அரசு 'கண்ணொளி காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்தது. நல்ல திட்டம். கொடுத்த கண்ணாடி மூக்கில் ஏறியதா என்பதைப் பள்ளிக்கூடம்தான் பார்க்க வேண்டும். சீனாவில் கண்ணைத் திறந்தவன் பெயரை எழுத ஆள் போட்டார்களே, அந்த ஆளைக் கண்ணாடி போடாமல் வருகிறவனைப் பார்க்கப் போட்டு இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு சங்கதி. நம் ஊர் பெயரிலேயே ஒரு கண் நோய் இருக்கிறது. மெட்ராஸ் ஐ! அது பரவும் காலத்தில் கழுவாத கையோடு நாற்பது பிள்ளைகளைக் கண்ணைத் தேய்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியது இல்லை. கண்ணைத் தொடாதே என்று சொல்வதே பெரும்பாடு.

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. இருபது நிமிஷம் படித்தால் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது நல்லதுதான். களைப்பு தீரும். அதற்குப் பாட்டும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

சீனாவே இப்போது ரூட்டை மாற்றி விட்டது. பயிற்சியை நிறுத்தவில்லை. ஆனால் நம்பிக்கையை வேறு பக்கம் வைத்தது. 2021-ல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். டியூஷன் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். பிள்ளைகளை வெளியே விடச் சொன்னார்கள். 2022 கணக்கில் கிட்டப்பார்வை 51.9 சதவீதம். இறக்கம் சிறிசுதான். ஆனாலும் இறக்கம்.

அவர்கள் 60 வருஷம் சுற்றி வந்த பாதையைச் சென்னைப் பள்ளிகள் முதலில் இருந்து சுற்றி வர வேண்டிய அவசியம் என்ன? கண் பயிற்சிக்கு என்று பத்து நிமிஷம் ஒதுக்கத் தயாராக இருக்கும் தலைமை ஆசிரியர்கள், அதைக் காலை இடைவேளையோடு சேர்த்து விடலாம். பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே அனுப்பி விட்டுக் கதவைச் சாத்தலாம். கணக்கு வாத்தியாரிடம் போன பி.டி. பீரியடைத் திரும்ப வாங்கலாம். மைதானம் இல்லாத பள்ளிக்கூடங்கள் பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பூங்காவைக் கேட்கலாம்.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பித்தது. உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. சென்னையில் இருந்து கொண்டு பிள்ளையின் கண்ணைச் சோதிக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பிக்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எழுத்து அட்டையை ஆறு மீட்டர் தூரத்தில் மாட்டி, ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. முன்னால் நின்றவன் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். வரிசையை மட்டும் வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும்.